ஆண்டுக்கு ஒருநாள் திறக்கும் கோயில்

நம் தீபாவளி முடிந்த இரண்டு மூன்று நாட்களில், வளர்பிறைத் துவிதியையன்று நேபாளத்தில் 'பாய் டீக்கா', அதாவது உடன்பிறந்தானுக்கு நெற்றிப் பொட்டு (டீக்கா) வைக்கும் நாள். காகத்துக்கும் நாய்க்கும் பசுவுக்கும்கூடப் பூசை செய்யும் திகார் விழாவின் ஐந்தாம் நாள் அது.

முந்தைய மாலை காட்மாண்டுவின் அசன் சந்தையில் கால் வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் வாடாமல்லி மாலைகள், வால்நட் குவியல்கள், ஏழு நிறப் பொடிகள்.

மறுநாள், நான் தங்கியிருந்த வீட்டு அக்கா, பொக்காராவிலிருந்து வந்த தம்பியைத் தரையில் அமர்த்தி, செம்பிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட அவரைச் சுற்றி வந்தார். எமன் தாண்டக் கூடாத கோடு அது. எண்ணெய் காயும்வரை, வாடாமல்லி வாடும்வரை தம்பியைத் தொடாதே என்று ஒரு தமக்கை எமனிடமே வரம் வாங்கிய கதையைச் சொல்லிக்கொண்டே மாலையிட்டார். வாசலில் வால்நட்டை வைத்துக் கல்லால் ஓங்கி அடித்தார். தம்பியின் கண்டங்கள் அதோடு நொறுங்க வேண்டுமாம். பிறகு நெற்றியில் அரிசிமாவுக் கோடு, அதன்மேல் ஒவ்வொன்றாக ஏழு நிறங்கள். தம்பியும் அக்காவுக்குப் பொட்டிட்டு, காலில் விழுந்து வணங்கினார். எனக்குக் கண் கலங்கியது. நான் ஒற்றைப் பிள்ளை.

என்னைப் போன்றவர்களுக்கும் அந்த ஊர் ஒரு கோயில் வைத்திருக்கிறது. நகரின் நடுவே ராணி போக்ரி. மகனைப் பறிகொடுத்த ராணியின் துயரை ஆற்ற, மன்னர் பிரதாப மல்லர் 1670-இல் வெட்டிய குளம். அதன் மையத்தில் உள்ள பாலகோபாலேஸ்வரர் கோயில் பாய் டீக்காவன்று மட்டுமே பொதுமக்களுக்குத் திறக்கிறது. 2015 நிலநடுக்கத்தில் சேதமடைந்தது. சீரமைப்பின்போது குளத்தில் கான்கிரீட் போட முயன்றதை ஊர்மக்கள் போராடித் தடுத்தார்கள். பழைய முறைப்படியே கட்டி 2020-இல் திறந்தார்கள். அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு கும்பிடு.

உடன்பிறந்தார் இல்லாதவர்கள் வந்து டீக்கா இட்டுக்கொள்ளும் இடம் இது. நீரின் நடுவே செல்லும் வெள்ளைப் பாலத்தில் வரிசை மெல்ல நகர்ந்தது. முதியவர்கள், மாணவர்கள், கைக்குழந்தையோடு ஒரு பெண். எனக்கு முன்னால் நின்ற கல்லூரிப் பெண் திரும்பி, "தாய், உங்களுக்கு யார் வைப்பார்கள்?" என்று இந்தியில் கேட்டாள். நேபாளியில் 'தாய்' (dai) என்றால் அம்மா அல்ல, அண்ணன். தரிசனம் முடிந்ததும் அவளே வைத்துவிட்டாள். நானும் அவளுக்கு வைத்து, கையில் கொஞ்சம் பணம் கொடுத்தேன். அண்ணன் கொடுத்தால் மறுக்கக் கூடாதாம்.

போக நினைப்பவர்கள் காலையிலேயே போய்விடுங்கள். அன்று கதவு சாத்தினால் அடுத்த பாய் டீக்காவுக்குத்தான் திறப்பார்கள்.