இந்தப் பையன்களுக்கு அம்மா இல்லையா?

அவர் சத்தமாகக் கேட்கவில்லை. கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பதுபோலத் தன் கழுத்துத் துண்டால் துடைத்துக்கொண்டே, கண்காட்சிக்கு நான் எழுதிய பலகையைப் பார்த்தபடி கேட்டார்: "இந்தப் பையன்களுக்கு அம்மா இல்லையா?" எழுபதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. "இடம் போதவில்லை அம்மா" என்றேன். தலையாட்டிவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விட்டார். அரை நிமிடம்கூட ஆகியிருக்காது.

நான் சொன்னது பொய் இல்லை. ஒரு பலகைக்கு எண்பது சொல்தான். கிரிம்கே சகோதரிகளுக்கு நான்கு பலகைகள். அடிமைகளை வைத்திருந்த சார்ல்ஸ்டன் நீதிபதி வீட்டில் பிறந்து, அடிமைமுறைக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிய சாராவும் ஆஞ்சலினாவும் கடைசிக் காலத்தைக் கழித்த ஊர், இன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகரின் பகுதியான இந்த ஹைட் பார்க். 2019-இல் இங்கே ஒரு பாலத்துக்கே அவர்கள் பெயரை வைத்தார்கள். முதல் மூன்று பலகைகளை எழுத எனக்குச் சிரமமே இல்லை. சிறுமி சாரா இரவில் விளக்கை அணைத்து, சாவித்துளையை மறைத்து, கணப்பு வெளிச்சத்தில் குப்புறப் படுத்துக்கொண்டு, தன் பணிப்பெண்ணுக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்த காட்சி ஒன்று போதும், முதல் பலகை நிறைந்துவிடும். 1838 பிப்ரவரியில் ஆஞ்சலினா மாசசூசெட்ஸ் சட்டமன்றக் குழுவின் முன் பேசினார். அதே ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில், வெளியே கும்பல் கல்லெறிய, உள்ளே நின்று பேசினார். மறுநாள் இரவு அந்த மண்டபத்தையே கொளுத்திவிட்டார்கள். இதெல்லாம் தானாக வந்து உட்கார்ந்தது.

நான்காவது பலகையில்தான் மாட்டிக்கொண்டேன். 1868-இல் ஆஞ்சலினா ஒரு பத்திரிகையில், பென்சில்வேனியாவின் லிங்கன் பல்கலைக்கழகத்தில் படிக்கும் கிரிம்கே என்ற கறுப்பின மாணவனைப் பற்றிப் படிக்கிறார். எங்கும் கிடைக்கிற பெயர் அல்ல அது. கடிதம் போடுகிறார். அந்த மாணவன் ஆர்ச்சிபால்டிடமிருந்து பதில் வருகிறது: நான் உங்கள் அண்ணன் ஹென்றியின் மகன். சகோதரிகள் அவரையும் தம்பி பிரான்சிஸையும் மருமகன்களாக ஏற்று, படிப்புக்கும் உதவினார்கள். ஒருவர் ஹார்வர்டில் சட்டம் முடித்தார், மற்றவர் பிரின்ஸ்டனில் படித்துப் போதகரானார்.

என் முதல் வரைவில் நூற்றுப் பன்னிரண்டு சொல் இருந்தது. "ஹென்றி அடிமையாக வைத்திருந்த நான்சி வெஸ்டன் பெற்ற மூன்று மகன்கள்" என்ற வரி, "ஹென்றியின் மூன்று மகன்கள்" என்று சுருங்கியது. யாரும் சுருக்கச் சொல்லவில்லை. எண்பதுக்குள் கொண்டுவா என்றுதான் மேற்பார்வையாளர் சொன்னார். எதை வெட்டுவது என்று முடிவு செய்தது நான். வெட்டிய பிறகு வாசித்துப் பார்த்து, வாக்கியம் நன்றாக ஓடுகிறது என்று திருப்திப்பட்டதும் நினைவிருக்கிறது.

அதே பலகையில் பனிப்புயலுக்குப் பதினாறு சொல் கொடுத்திருந்தேன். 1870 மார்ச் 7 அன்று, பெண்களுக்கு வாக்குரிமை இல்லை, எண்ண மாட்டார்கள் என்று தெரிந்தே, நாற்பத்திரண்டு பெண்கள் பனியில் நடந்து வந்து தனிப்பெட்டியில் வாக்குச்சீட்டுப் போட்டார்கள். சாராவுக்கு எழுபத்தேழு வயது. பள்ளிப் பிள்ளைகள் அந்த இடத்தில்தான் நின்று படிப்பார்கள். அதை எப்படி எடுப்பது? இப்போதும் அதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஆனால் இடம்தான் காரணமா என்று கேட்டுக்கொண்டால் தடுமாறுகிறேன். நான்சியின் பெயரைப் போட்டால், ஹென்றிக்கும் அவருக்கும் நடுவில் இருந்ததற்கு ஒரு சொல் வேண்டும். மனைவி இறந்தபின் ஹென்றி நான்சியோடு வாழ்ந்தார், பிள்ளைகளும் பிறந்தார்கள், விடுதலைப் பத்திரம் மட்டும் எழுதவில்லை. 1852-இல் சாகும்போது அவர்களைத் தன் வெள்ளை மகன் மாண்டேகுவின் பொறுப்பில் விட்டார். நான்சி சார்ல்ஸ்டனில் துணி துவைத்துப் பிள்ளைகளை வளர்த்தார். சில ஆண்டுகள் கழித்து மாண்டேகு வந்து, தன் தம்பிகளைத் தன் வீட்டு வேலைக்காரர்களாக்கிக்கொண்டார். இதை என்னவென்று எழுதுவது? ஆங்கிலத்தில் இதற்குப் புழங்கும் சொற்கள் எல்லாமே அவள் விரும்பி வந்தாள் என்ற வாசனையோடு வருகின்றன. தமிழில் யோசித்தாலும் முதலில் வருவது "உறவு". தாய்மாமனுக்கும் அதே சொல்தான். சொல் கிடைக்காததால் ஆளையே விட்டுவிட்டேனோ? அந்தப் பெண்மணியிடம் இடம் இல்லை என்றது அந்த வகையில் முழு உண்மை இல்லை.

எனக்கு உறுத்துவது வேறொன்றும் உண்டு. ஆர்ச்சிபால்ட் அந்தப் பதிலில் அப்பா பெயரோடு நிறுத்தவில்லை. அம்மாவைப் பற்றியும் எழுதினார். இதுவரை பார்த்தேயிராத வெள்ளைக்கார அத்தைக்கு, அடிமைத்தளையிலிருந்து வெளிவந்து சில ஆண்டுகளே ஆன ஒரு மாணவன் எழுதிய முதல் கடிதம் அது. அதில் நான்சிக்கு இடம் இருந்தது.

ஒருவேளை அந்தப் பெண்மணி சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருப்பார். அவர் முகத்தில் கோபம் இல்லை. நான்தான் அதை இழுத்துக்கொண்டே இருக்கிறேன் என்று வீட்டில் சொல்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பலகையை மாற்ற அனுமதி வாங்கினேன். "நான்சி வெஸ்டனின் மகன்கள், அவர்களின் தந்தை ஹென்றியே அவர்களுக்கு உரிமையாளர்" என்று எழுதினேன். நடுவில் இருந்ததற்குச் சொல் எதுவும் போடவில்லை. இடத்துக்காகப் பனிப்புயலை எடுத்துவிட்டேன். இப்போது பள்ளிப் பிள்ளைகள் நான்காவது பலகை முன் அவ்வளவு நேரம் நிற்பதில்லை.