டிகிரி இல்ல, டெஸ்ட் அடிச்சு வந்தேன்

போன வாரம் சித்தப்பா பையன் ஊர்லேருந்து ஃபோன் பண்ணினான். ப்ளஸ் டூ முடிச்சுட்டு ரெண்டு வருஷமா மேஸ்திரி ஒருத்தர்கூட கொளுத்து வேலைக்கு போய்ட்டு இருக்கான். "அண்ணே, காலேஜ் படிக்காம வெளிநாடு வரவே முடியாதுங்கிறாங்களே நெசமா"ன்னு கேட்டான். நானே அரியர் மேல அரியர் வச்சு காலேஜ விட்டவன்தான், 2015லேருந்து சிங்கப்பூர்ல நிக்கிறேன், என்கிட்ட வந்து இத கேக்குறான் பாருங்க. ஃபோன்ல சொன்னத இங்கயும் எழுதி வைக்கிறேன், இதையே கேட்டு இன்னும் நாலு பேர் மெசேஜ் பண்ணியிருக்காங்க.

முதல்ல ஒண்ணு. வொர்க் பெர்மிட்டுக்கு நாம அப்ளை பண்ண முடியாது, கம்பெனிதான் நம்ம பேர்ல போடணும், அதனால "பெர்மிட் வாங்கித் தரேன், அப்புறம் வேலைய நீ தேடிக்கோ"ன்னு எவனாவது சொன்னா அங்கயே கும்பிடு போட்டுட்டு கிளம்பிடுங்க. அடுத்தது, இந்தியாக்காரங்களுக்கு பெர்மிட் முக்கியமா கட்டடம், ஷிப்யார்டு, ப்ராசஸ் பிளான்ட் (எண்ணெய், கெமிக்கல் ஆலை) இந்த மூணுலதான். இந்திய ரெஸ்டாரண்ட் சமையல்காரர் மாதிரி சில வேலைய 2023 செப்டம்பர்லேருந்து திறந்து விட்டாங்க, ஆனா அதுக்கு மாசம் கொறஞ்சது 2,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) சம்பளம் குடுக்கணும்னு ரூல். சூப்பர் மார்க்கெட்ல பேக்கிங், ஏசி ரூம்ல உக்காந்து வேலைன்னு வாட்ஸ்அப்ல வர்ற போஸ்டரையெல்லாம் நம்பி பணம் கட்டிடாதீங்க.

கட்டட வேலைக்கு டிகிரிய யாரும் கேக்க மாட்டாங்க, ஸ்கில் டெஸ்ட் பாஸ் பண்ணின சர்டிபிகேட் இருக்கான்னுதான் பாப்பாங்க. டைல்ஸ், பூச்சு, கம்பி கட்டுறது, பிளம்பிங், எலக்ட்ரிக்கல் வயரிங்னு ஏகப்பட்ட ட்ரேடு இருக்கு. சிங்கப்பூர்ல கட்டட வேலைய கவனிக்கிற அரசு அமைப்பு பிசிஏ, அது அங்கீகாரம் குடுத்த சென்டர்ல போய் டெஸ்ட் அடிக்கணும். நான் எடுத்தது டைல்ஸ். இன்ஸ்டிட்யூட்ல ப்ராக்டிஸுக்கு சிமெண்டே குடுக்க மாட்டாங்க, செம்மண்ணும் மணலும் கொழச்சுதான் சுவத்துல ஒட்டணும், சாயங்காலம் ஆனா ஒட்டின அத்தனையையும் நாமளே பேத்து கழுவி அடுக்கணும், மறுநாள் காலைல திரும்ப அதே டைல்ஸ். எனக்கு வந்ததுல ஒரு டைலுக்கு மூலை ஒடஞ்சிருக்கும், ஒரு மாசம் அதே ஒடஞ்ச டைல் தெனம் என் கைக்கே வரும். கட்டிங் மெஷின் தூசி மூக்குல ஏறி ராத்திரி பூரா தும்மல். ரசமட்டத்த வச்சு குமிழி நடுவுல நிக்கிறத பாக்குறதுதான் தியானம் மாதிரி இருந்துச்சு. மேஸ்திரிகிட்ட பத்து வருஷம் வேலை பாத்தவன்லாம் டெஸ்ட்ல ஃபெயில் ஆனத பாத்திருக்கேன், வேலை தெரியாமல்லாம் இல்ல, நேரத்துக்குள்ள ட்ராயிங்ல இருக்கிற அளவுக்கு முடிக்கத் தெரியல. நம்ம ஊர்ல கண்ணளவு, இங்க டேப் அளவு.

இனிமேதான் முக்கியமான சமாச்சாரம். ஐபி. டெஸ்ட் பாஸ் ஆகி கம்பெனி கெடச்சு அவங்க பெர்மிட் போட்டா முதல்ல வர்ற அப்ரூவல் லெட்டர் இதுதான், எல்லாரும் "ஐபி வந்துருச்சா ஐபி வந்துருச்சா"ன்னுதான் கேப்போமே தவிர அதுல என்ன எழுதியிருக்குன்னு ஒருத்தனும் படிக்க மாட்டோம். நானும் படிக்கல. ஏஜென்ட் என்கிட்ட வாயால சொன்னது 800 வெள்ளி. ஐபி வந்த சந்தோஷத்துல அம்மா நகைய வச்சு மிச்ச பணத்தையும் கட்டி முடிச்சாச்சு. சாங்கி ஏர்போர்ட்ல இறங்கி, கம்பெனி லாரில பின்னாடி உக்காந்து போகும்போது பக்கத்துல இருந்த பட்டுக்கோட்டை அண்ணன் ஒருத்தர் லெட்டர வாங்கி படிச்சுட்டு, "தம்பி, ஒனக்கு பேசிக் 468தான் போட்டிருக்கு, அதுல சாப்பாட்டுக்கு 120 பிடித்தம்"னு சொன்னார். ஒரு நாளைக்கு 18 வெள்ளி, 26 நாளு. அவ்ளோதான் கணக்கு. 800 எங்கேருந்து வரும்னா ஓட்டி, அதாவது ஓவர்டைம் பாத்தா வருமாம்! அத சொல்லாம விட்டுட்டாங்க. வாங்கின கடன அடைக்க எனக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு.

இதுல கொடுமை என்னன்னா அந்த லெட்டர் தமிழ்லயும் ஒண்ணு இருந்துச்சு. தொழிலாளிக்கு தெரிஞ்ச பாஷைல ஒரு காப்பி, ஊர்லேருந்து கிளம்புறதுக்கு முன்னாடியே அனுப்பணும்ங்கிறது இங்கத்த ரூல். பேசிக் எவ்வளவு, அலவன்ஸ் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவுன்னு தனித்தனியா போட்டிருக்கும், அதுல இருக்கிற சம்பளத்த நம்ம கையெழுத்து இல்லாம கம்பெனி கொறைக்கவும் கூடாது. அதனால தம்பிகிட்ட ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டேன், ஐபிய படிக்காம கடைசி பணத்த கட்டாத. பாஸ்போர்ட் நம்பர் வச்சு மனிதவள அமைச்சு வெப்சைட்ல அது ஒரிஜினலான்னும் நீயே பாத்துடலாம், அஞ்சு நிமிஷ வேலை.

ஏஜென்ட் பணம் பத்தி கேட்டான். சிங்கப்பூர் ஏஜென்சி நம்மகிட்ட வாங்குறதுக்கு உச்சவரம்பு இருக்கு, வேலை பாக்குற வருஷத்துக்கு ஒரு மாச சம்பளம், எப்படிப் பாத்தாலும் மொத்தம் ரெண்டு மாச சம்பளத்த தாண்டக் கூடாது. ஆனா ஊர்ல இருக்கிற ஆளு வாங்குறது இந்தக் கணக்குல வராது, அங்கதான் லட்சக்கணக்குல போயிடுது. வளைகுடா, மலேசியானு 18 நாட்டுக்கு, பத்தாவது பாஸ் பண்ணாதவங்க ஈசிஆர் (எமிக்ரேஷன் செக் தேவைப்படுற) பாஸ்போர்ட்ல போனா நம்ம கவர்மெண்ட் எமிக்ரேஷன் கிளியரன்ஸ், 10 லட்சம் இன்சூரன்ஸ்னு ஏதோ ஒரு புடிமானம் இருக்கும். சிங்கப்பூர் அந்த லிஸ்ட்ல இல்ல, நம்ம ஜாக்கிரதைய நாமதான் பாத்துக்கணும்.

அப்புறம் ஒருத்தன் தம்பிகிட்ட "டிப்ளமோ சர்டிபிகேட் நான் ரெடி பண்ணித்தரேன், எஸ் பாஸ்லயே போயிடலாம்"னு சொல்லியிருக்கான். எஸ் பாஸ்ங்கிறது வொர்க் பெர்மிட்டுக்கு மேல் படி பாஸ், அதுக்கு 2025 செப்டம்பர்லேருந்து கொறஞ்ச சம்பளமே 3,300 வெள்ளி, நம்மள மாதிரி ஆளுக்கு அவ்வளவு எந்த முதலாளி குடுக்கப் போறான்? டூப்ளிகேட் சர்டிபிகேட் வச்சு மாட்டினா 20,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், ரெண்டும் சேந்தும் வரலாம். அந்த நம்பர பிளாக் பண்ணச் சொல்லிட்டேன்.

வந்து சேந்தப்புறம் மேல ஏற வழி இருக்கு. சாதா ஸ்கில் ஆளுக்கு கம்பெனி கவர்மெண்டுக்கு மாசம் 900 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஆள வச்சிருக்கிறதுக்கான வரி) கட்டுது, ஹையர் ஸ்கில், அதாவது மேல் கிரேடு ஆயிட்டா 500தான், 2024லேருந்து இதான் ரேட்டு. நீங்க ஹையர் ஸ்கில் ஆனா முதலாளிக்கு மாசம் 400 மிச்சம், சம்பளம் பேசும்போது இத மனசுல வச்சுக்கங்க, நான் நாலு வருஷம் கழிச்சுதான் புரிஞ்சுக்கிட்டேன். பெர்மிட் முடியுறதுக்கு 40லேருந்து 21 நாளைக்கு முன்னாடி இருக்கிற கேப்புல, பழைய கம்பெனி சம்மதமே இல்லாம வேற கட்டட கம்பெனிக்கு மாறலாம். நான் 2019ல அப்படித்தான் மாறினேன். பழைய சூப்பர்வைசர் ஒரு வாரம் மூஞ்ச தூக்கி வச்சுட்டு இருந்தார், போகட்டும்.

தம்பி டைல்ஸே எடுக்கிறேன்னுட்டான். இன்ஸ்டிட்யூட்ல சேர்றதுக்கு முன்னாடி வீட்டுல ஒட்டிப் பாருடான்னு சொல்லியிருந்தேன், நேத்து ராத்திரி சித்தப்பா வீட்டு பாத்ரூம் சுவத்த ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருந்தான். பெருசு பண்ணிப் பாத்தேன், கீழ ரெண்டு வரிசை ஜாயிண்ட் நூல் புடிச்ச மாதிரி இருக்கு, மூணாவது வரிசை குழாய்கிட்ட வரும்போது லேசா சரிஞ்சிருக்கு. "பேத்துட்டு திரும்ப ஒட்டு"ன்னு வாய்ஸ் மெசேஜ் போட்டேன். "சித்தி ஏசுதுண்ணே, குளிக்க எடமில்லையாம்"னு பதில் வந்திருக்கு.