ஓர் உடலில் பல குரல்கள்

நியூயார்க்கின் புரூக்ளினைச் சேர்ந்த கிரவுன் ஹைட்ஸில், 1991 ஆகஸ்டில், யூத மதத்தலைவர் ஒருவரின் வாகன வரிசையில் வந்த கார் மோதி, கயானாவிலிருந்து குடியேறிய கறுப்பினக் குடும்பத்தின் 7 வயதுச் சிறுவன் இறந்தான். சில மணி நேரத்தில், ஆய்வுக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்த யூதர் ஒருவர் கத்திக்குத்துக்குப் பலியானார். தொடர்ந்த கலவரத்தைக் குறித்து இரு தரப்பினரையும் நேர்கண்டு, அன்னா டெவியர் ஸ்மித் 1992இல் அரங்கேற்றிய ‘ஃபயர்ஸ் இன் தி மிரர்’ என்னும் ஓராள் நாடகத்தின் படப்பதிவை அண்மையில் பார்த்தேன்.

முதல் சில நிமிடங்கள் அதைப் பலகுரல் நிகழ்ச்சி என்றே (ஓரளவு அலட்சியமாக) எண்ணிவிட்டேன். ஆனால், கறுப்பினப் பெண்ணான அவர், யூத மதகுருவாகவும் தெருவோர இளைஞனாகவும் மாறும்போது, அவர்கள் சொன்ன சொற்களை மட்டுமன்றி, சொல் கிடைக்காமல் தடுமாறிய இடங்களையும் அப்படியே பேசுகிறார். அந்தத் தடுமாற்றங்களில்தான் நாடகத்தின் உயிர் இருக்கிறது. ஒத்திகை பார்த்த நியாயங்கள் தீர்ந்து, மனிதர் தாம் யாரென்று தேடத் தொடங்குவது அங்கேதான்.

மாண்ட இருவருமே வேற்றுநாட்டுத் தொடர்புடையவர்கள். தெருவில் மூண்ட கோபத்துக்கோ கயானாவும் ஆஸ்திரேலியாவும் தெரியவில்லை, இரண்டு இனப்பெயர்கள் மட்டுமே தெரிந்தன. இருவருக்காகவும் பேசுபவர்களை ஒரே உடல் அடுத்தடுத்துச் சுமப்பதைப் பார்த்த பிறகு, எந்தப் பக்கம் அமர்ந்து கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.