லீஸ் போட்டும் போன கமிட்டுகள்

“லீஸ் போட்டுத்தான் புஷ் பண்ணேன் அண்ணா. நடுவுல யாராவது புஷ் பண்ணியிருந்தா கிட் தடுத்திருக்கணும்ல?” என் டீமில் இருக்கும் அவள் அன்று கேட்டது இன்னும் மனதில் ஓடுகிறது. கிட் என்பது பலர் சேர்ந்து எழுதும் நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். அப்படிப் பதிந்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட், அவற்றைச் சர்வருக்கு அனுப்புவது புஷ்.

இருவரும் வேலை செய்த கிளை, அதாவது கமிட்டுகளின் வரிசை, அது. அவள் ரீபேஸ் முடித்து, அதாவது தன் கமிட்டுகளை வேறொரு கமிட்டின் மேல் மறுபடி அடுக்கி, ‘ஃபோர்ஸ் வித் லீஸ்’ கொடுத்திருந்தாள். இடையில் நான் அனுப்பிய கமிட்டுகள் சர்வரில் இல்லை. சர்வரில் இருப்பதை மாற்றி எழுத வெறும் ஃபோர்ஸ் கொடுத்தால் கிட் எதையும் பார்க்காது. லீஸ் கொடுத்தால், சர்வரில் உள்ள கிளை நாம் கடைசியாகப் பார்த்த இடத்திலேயே நிற்கிறதா என்று பார்க்கும். நகர்ந்திருந்தால் ‘ஸ்டேல் இன்ஃபோ’ (பழைய தகவல்) என்று மறுத்துவிடும். 2013இல் 1.8.5 பதிப்பில் வந்த வசதி.

நாம் கடைசியாகப் பார்த்தது எது என்று கிட்டுக்கு எப்படித் தெரியும்? நம் கணினியில் ‘ஆரிஜின்’ பெயரில் இருக்கும் சர்வர் கிளையின் நகலை வைத்துத்தான். அவளுடைய எடிட்டரோ பின்னணியில் தானாக ஃபெட்ச் செய்துகொண்டே, அதாவது சர்வரில் உள்ளதை அந்த நகலுக்கு இறக்கிக்கொண்டே, இருந்தது. என் கமிட்டுகள் அந்த நகலுக்கு வந்துவிட்டன. அவள் கிளைக்குள் வரவில்லை, கண்ணிலும் படவில்லை. கிட் ஒப்பிட்டது, பொருந்தியது, அனுப்பிவிட்டது. திரையில் கூட்டல் குறியோடு ‘ஃபோர்ஸ்டு அப்டேட்’ என்று ஒரு வரி. ரீபேஸுக்குப் பிறகு எப்போதும் வரும் வரிதான். அதைப் பார்த்து யாருக்குச் சந்தேகம் வரும்?

கமிட்டுகள் என் லேப்டாப்பில் இருந்ததால் சீக்கிரமே மீட்டுவிட்டோம். அதன் பிறகு, பொதுக் கிளைகளில் ஃபோர்ஸ் புஷ்ஷையே தடுக்கலாம் என்று டீமில் சொன்னது நான்தான்.

“அப்போ தப்பு என்மேலயா?”

“இல்லைம்மா.”

“அப்புறம் எதுக்கு அண்ணா தடை?”

அடுத்தவர் வேலை அழியக்கூடாது, அதனால்தான் என்றேன். இன்று கேட்டாலும் அதையே சொல்வேன். பத்துப் பேர் தொடும் கிளையில் ஒவ்வொருவருடைய எடிட்டர் அமைப்பையும் நம்பி உட்கார முடியாது. ஆனால், பின்னணி ஃபெட்ச் இருந்தால் லீஸை நம்பாதீர்கள் என்று கிட்டின் கையேட்டிலேயே இருக்கிறது. 2020 இறுதியில் வந்த 2.30 பதிப்பில் இதற்கென்றே ‘ஃபோர்ஸ் இஃப் இன்க்ளூட்ஸ்’ சேர்த்தார்கள். லீஸோடு அதையும் கொடுத்தால், ஃபெட்ச் ஆகி வந்தது நம் கிளையில் உண்மையிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே அனுப்பும். அப்படியொரு வழி இருக்கும்போது, கவனமாகத்தான் நடந்துகொண்ட ஒருத்தியை முன்னிட்டு எல்லோருக்கும் தடை போட்டது சரியா? சரி என்று ஒருநாள் தோன்றுகிறது, மறுநாள் அவள் முகம் நினைவுக்கு வருகிறது.

பிறகொரு நாள் அந்த வசதியை அவளுக்குச் செய்து காட்டினேன். பொறுமையாகப் பார்த்துவிட்டு, “நல்லாதான் இருக்கு அண்ணா. ஆனா இனிமே இதை எங்க போடறது?” என்றாள். சொந்தக் கிளையில் போடலாம் என்றேன். அங்கே காப்பாற்ற அடுத்தவர் கமிட் எதுவும் இருக்காது என்பது இருவருக்குமே தெரியும்.