நாற்பத்தொரு கிலோ

ஜூன் 3
தராசு 41 காட்டியது. செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். 40.6. செருப்புக்கே நானூறு கிராம்.

ஜூன் 4
ஆய்வு செய்யும் அக்கா எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்து இருவருக்கும் எழுதிக்கொண்டார். எனக்கு 17.6, அறைத்தோழிக்கு 27.5. பதினெட்டரைக்குக் கீழே என்றால் மெலிவு. ஆசியர்களுக்கு 23 தாண்டினாலே கவனம் தேவை என்கிறது உலக சுகாதார அமைப்பு. எங்கள் இருவருக்கும் நடுவில் சரியான பெண் ஒருத்தி இருக்க வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் இதுவரை கண்ணில் படவில்லை.

ஜூன் 5
படி ஏறும் சோதனை. 1943இல் ஹார்வர்டில் உருவானதாம். நிமிடத்துக்கு 30 முறை ஒரு பலகையில் ஏறி இறங்க வேண்டும், ஐந்து நிமிடம். சிரிப்பாக இருந்தது. தேயிலைத் தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு எத்தனை படி ஏறியிருக்கிறேன்! 2 நிமிடம் 50 விநாடியில் கண் இருட்டியது, உட்கார்ந்துவிட்டேன். அறைத்தோழி ஐந்து நிமிடமும் ஏறி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டே பசிக்கிறது என்றாள். பள்ளியில் வலைப்பந்து ஆடியவள். இன்றும் வாரம் மூன்று நாள் ஓடுகிறாள். எவ்வளவு நேரம் ஏறினோம், இறங்கியபின் நாடி எவ்வளவு விரைவாகத் தணிகிறது என்பதை வைத்துத்தான் புள்ளி. அவளுக்கு 75. எனக்கு 41. அதே பாழாய்ப்போன எண்! 55க்குக் கீழே மோசம் என்று பெயர். கொழுப்பு எவ்வளவு, தசை எவ்வளவு என்று தராசு பிரித்துச் சொல்வதில்லை. “ஒல்லியாக இருக்கிறாய், உனக்கு என்ன குறை” என்று சொன்ன எல்லோரையும் அந்தப் பலகையில் ஏற்றிப் பார்க்க வேண்டும்.

ஜூன் 6
மழை. விரிவுரைக்குப் போகவில்லை.

ஜூன் 8
அம்மா பேசினார். 20 கிலோ தேயிலைக் கொழுந்து பறித்தாராம். ஈரத்துக்கும் சாக்குக்கும் என்று மூன்று கிலோ கழித்துவிட்டார்கள். ஒரு பேருக்கு, அதாவது முழுநாள் சம்பளத்துக்கு, 18 வேண்டும். ஒரு கிலோவில் அரைப்பேர் ஆகிவிட்டது. அவருடைய எடை எவ்வளவு என்று கேட்டேன். தெரியாதாம், கொழுந்தின் எடைதான் தெரியுமாம். கடைசியாக அவரை நிறுத்தது நான் வயிற்றில் இருந்தபோது, கிளினிக்கில்.

ஜூன் 9
இரத்தம் கொடுத்தேன். அக்காவின் வற்புறுத்தல்.

ஜூன் 11
முடிவு வரவில்லை.

ஜூன் 12
வரவில்லை. தராசில் 40.8. மதியம் இரண்டு கோப்பைச் சோறு சாப்பிட்டுவிட்டு ஏறினேன், அதனால் கணக்கில் இல்லை.

ஜூன் 13
ஹீமோகுளோபின் 9.8. பெண்களுக்குப் பன்னிரண்டாவது வேண்டும். இரும்பு மாத்திரை. சாப்பிட்டவுடன் சாயத்தண்ணீர், அதுதான் பால் சேர்க்காத தேநீர், குடிக்கக் கூடாது, உணவிலுள்ள இரும்பை உடம்பில் சேர விடாது என்றார் தாதி. எங்கள் வீட்டில் ரொட்டியும் சாயமும் ஒரே வாயில் இறங்கும். அம்மாவுக்கும் மலையேறும்போது கண் இருட்டுமோ? அவர் சொல்ல மாட்டார்.

ஜூன் 14
அறைத்தோழி காலையில் எழுப்பினாள். விளையாட்டுத் திடலை ஒருமுறை நடந்தே சுற்றினேன். அவள் நான்கு சுற்று ஓடினாள்.

ஜூன் 17
வீட்டுக்குப் போக ஹட்டன் ரயில். நாவலப்பிட்டிக்குப் பிறகு குளிர். கைப்பையில் கடன் வாங்கிய குளியலறைத் தராசு.

ஜூன் 18
அம்மா ஏற மறுக்கிறார். “கூடையோடயா, கூடை இல்லாமலா?” என்று கேட்டுவிட்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார். மாலையில் பார்க்கலாம்.