வளவில் பாடிய ஏழு பாட்டு

ஆல்பம் முடிந்துவிட்டது. நான்கு ஆண்டு உறவு முறிந்தபின் எழுதிய ஏழு பாட்டு. எழுதியது இரண்டே மாதத்தில். ஆனால் அவற்றைப் பதிவு செய்வதற்காக நான் பட்ட பாடுதான் இன்னும் ஆறவில்லை.

ஆர்ட் பாப்பில், அதாவது புதுச் சோதனைகள் செய்து பார்க்கும் பாப் இசையில், பாடும் இடமும் ஒரு வாத்தியம் என்று நம்புகிறவள் நான். அதனால் செட்டிநாட்டுக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் வளவில்தான், அறைகள் சூழ்ந்த உள்முற்றத்தில்தான், பாடுவேன் என்று பிடிவாதமாக இருந்தேன். வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சம்மதித்தார், முன்பணமும் கொடுத்தேன். மைக், சின்தசைசர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு பல்லவன் ரயிலில் காரைக்குடி வந்து இறங்கினால், மறுநாள் கதவு திறக்கவில்லை. வீட்டுக்கு ஒன்பது பங்காளிகள். சிங்கப்பூரில் இருக்கும் ஒருவர் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். வெறுங்கையோடு திரும்பினேன். சாவி வைத்திருப்பவரின் சொல்லை மட்டும் நம்பிப் புறப்படாதீர்கள். பங்காளிகள் அத்தனை பேரின் சம்மதத்தையும் எழுத்தில் வாங்குங்கள். எனக்கு அதற்கு ஐந்து வாரம் ஆனது.

இரண்டாம் பயணத்தில் எதிரொலி என்னைத் தோற்கடித்தது. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர். ஒலியை உறிஞ்ச அங்கே எதுவும் இல்லை. ஒரு சொல் அடங்குவதற்குள் அடுத்த சொல் அதன்மேல் விழுந்தது. முதல் நாள் பதிவு முழுவதும் வீண்.

பக்கத்து வீட்டு ஆச்சி மெத்தைகளும் ஜமுக்காளங்களும் கொடுத்தார். வளவுக்குப் பின்னால் இருக்கும் இரண்டாங்கட்டில் ஓர் அறையை அவற்றால் மூடி, குரலை அங்கே பதிந்தேன். பிறகு அந்தக் குரலை வளவின் ஒரு மூலையில் ஸ்பீக்கரில் ஒலிக்கவிட்டு, எதிர்மூலையில் மைக் வைத்து எதிரொலியை மட்டும் தனியாகப் பிடித்தேன். வேண்டிய அளவுக்குக் கலந்துகொள்ளலாம். இதை முதல் நாளே செய்திருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். கோயில் ஒலிபெருக்கி ஓய்ந்த பிறகு, இரவு இரண்டு மணிக்குமேல் பதிவதே நல்லது.

ஐந்தாம் பாட்டைக் கேட்ட ஆச்சி, "ஏன் ஆத்தா, அவனை ஏசுகிறாய், சரி. உனக்கு என்ன போயிற்று என்று சொல்லவே இல்லையே?" என்றார். ஒப்பாரியில் அதைத்தானே முதலில் சொல்வார்கள்! இரவோடு இரவாக இரண்டாம் சரணத்தை மாற்றினேன்.

வெளியீட்டு நிறுவனம், ஆல்பத்தின் அட்டையில் உள்ள பெயரும் படிவத்தில் உள்ள பெயரும் ஒத்துப்போகவில்லை என்று இரண்டு முறை திருப்பி அனுப்பியது. ஓர் எழுத்துப் பிழை, பதினொரு நாள் தாமதம்.

ஐந்தாம் பாட்டை மட்டும் மெத்தை எதுவும் இல்லாமல் வளவிலேயே பாடினேன். கடைசிச் சொல் அடங்கும் இடத்தில் ஆச்சி இருமுவது கேட்கும். அதை அப்படியே விட்டுவிட்டேன்.