பட்டாளத்து அப்பாருவிடம் இப்போதே கேளுங்கள்

1962 சீனப் போருக்குப் போனவர்களுக்கு இன்றைக்கு எண்பது வயதுக்கு மேல் ஆகிவிட்டது, 1971இல் வங்கதேசப் போரில் நின்றவர்களே எழுபதைத் தாண்டிவிட்டார்கள், அதனால் ஈரோடு மாவட்டத்தில் கோபி, பெருந்துறைப் பக்கம் உங்கள் வீட்டில் பட்டாளத்து அப்பாரு (ராணுவத்தில் இருந்த தாத்தா) இருந்தால் இந்த லீவிலேயே போனில் ரெக்கார்ட் போட்டுவிடுங்கள். "சண்டை எப்படி இருந்ததுங்க அப்பாரு?" என்றால் பேச்சு வராது. நீலகிரி வெலிங்டன் ராணுவப் பயிற்சியில் என்ன சாப்பாடு என்று கேளுங்கள். எங்கள் பெரியப்பா அப்படித்தான் ஆரம்பித்தார்: ரசத்துக்கு ஏங்கியது, பனியில் விரல் விறைத்துப்போய் பூட்ஸ் கயிற்றைப் பல்லால் இழுத்து அவிழ்த்தது, அப்புறம் கூட்டாளி திரும்பி வராதது. அந்த இடத்தில் குறுக்கே பேசாதீர்கள். 1987இல் இந்திய அமைதிப்படையில் இலங்கைக்குப் போனவர்களையும் விட்டுவிடக் கூடாது. டிரங்குப் பெட்டியில் கிடக்கும் பழைய போட்டோக்களின் பின்பக்கம் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள்.